மீளமைக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னர்

பழைய மோட்டோர் ஹோம் ஒன்றின் பக்கச் சுவரில் உள்ள சிறிய தகரக் கதவைத் திறந்தால் சுடுநீர்த்தாங்கியின் முகப்புத் தெரியும். பல தாங்கிகளில் அந்த முகப்பிலேயே, ஒரு றப்பர் மூடியின் கீழ், விரல் நுனி அளவில் ஒரு பொத்தான் இருக்கும். தண்ணீர் சூடாகவில்லை என்றால் அதை அழுத்த வேண்டும் என்பது அநேகருக்குத் தெரிந்த வைத்தியம். மறுநாள் அது மீண்டும் விழுந்தால் மீண்டும் அழுத்துவார்கள். மூன்றாவது முறையும் விழுந்துவிட்டால் பொத்தானே பழுது என்று தீர்ப்பு எழுதி, அதைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அப்படி முறுக்கிக் கட்டப்பட்ட கம்பிகளோடு விற்பனைக்கு வரும் வண்டிகளும் இருக்கின்றன. அவற்றை வாங்குபவர்களில் நம்மவர்களும் அடக்கம் என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர்களின் இரண்டாந் தலைமுறைக்குக் கோடை விடுமுறை என்றால் முகாம் போடுவது என்றாகிவிட்டது. கூடாரத்தில் தொடங்குகிறார்கள். பிள்ளைகள் பிறந்ததும், கழிவறையும் கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டி வேண்டுமென்கிறார்கள். புதியது வாங்கக் கையில் காசு போதாது. ஆகவே முப்பது, நாற்பது வருடப் பழைய வண்டியைத் தேடிப் போகிறார்கள்.

பழைய வண்டிகளின் மேல் எனக்கும் மோகம் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. அயோவா மாநிலத்தின் ஃபொறஸ்ற் சிற்றியில் வின்னபேகோ நிறுவனம் 1966 ஆம் ஆண்டில் மோட்டோர் ஹோம்களை உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே, அதுவரை வசதி படைத்தோரின் விளையாட்டுப் பொருளாக இருந்த இவ்வண்டி நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1973 முதல் 1978 வரை முன்சக்கர இயக்கத்துடன் ஒரு மோட்டோர் ஹோமைத் தயாரித்தது. பதின்மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான வண்டிகளே வெளிவந்தன. அரை நூற்றாண்டு கடந்தும் அவற்றில் கணிசமானவை தெருவில் ஓடுகின்றன. அக்காலத்து வேலைப்பாடு அப்படி. ஆனால் வண்டியின் இயந்திரத்தை நேசித்துப் பராமரிப்பவர்கள், அதனுள் இருக்கும் வீட்டை அதே கண்ணோடு பார்ப்பதில்லை. கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் சுடுநீர்த்தாங்கியை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

அதன் வேலை மிக எளிமையானது. வட அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது ஆறு கலன், அதாவது ஏறத்தாழ 23 லீற்றர் கொள்ளளவுள்ள தாங்கி. வாயுவினால் எரியும் ஒரு குழாய் அதிலுண்டு. அத்துடன் 120 வோல்ற் மின்சாரத்தில் இயங்கும் ஓர் எலிமென்றும் உண்டு, அல்லது பிற்காலத்தில் எவராவது பொருத்தியிருப்பார்கள். வழமையான எலிமென்றின் வலு 1,440 வோற். அப்படியானால் அது இழுக்கும் மின்னோட்டம் 12 அம்பியர், அதன் தடை 10 ஓம். இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்திருப்பவர் பழுதில் பாதியைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே சொல்வேன். பத்துப் பாகையில் உள்ள தண்ணீரை அறுபது பாகைக்குக் கொண்டுவர, கணக்கின்படி 55 நிமிடங்கள் வேண்டும். வெப்ப இழப்பையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். இருபது நிமிடத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்று தாங்கியைக் கழற்றியவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது பொறுமை மாத்திரமே.

முகாமில் கிடைக்கும் மின்சாரமும் எப்போதும் 120 வோல்ற்றாக இருப்பதில்லை. கோடையின் உச்சத்தில் எல்லா வண்டிகளும் குளிரூட்டியை இயக்கும்போது அழுத்தம் விழும். அது 108 வோல்ற்றுக்கு வந்தால், பத்து வீதம் குறைந்த அழுத்தத்துக்கு எலிமென்றின் வெப்பம் பத்தொன்பது வீதம் குறையும். தண்ணீர் தாமதமாகச் சூடேறும், அவ்வளவுதான். அது பழுதன்று. மொத்தம் 30 அம்பியர் மட்டுமே தரும் இணைப்பில் குளிரூட்டியையும் நுண்ணலை அடுப்பையும் இந்த எலிமென்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, சுற்றுடைப்பான் விழுகிறதே என்று வியப்பதும் பழுதன்று, கூட்டல் தெரியாமை.

இனி உண்மையான பழுதுக்கு வருகிறேன்.

ஒன்ராறியோவில் வசிக்கும் என் பெறாமகன், கடந்த சில வருடங்களுக்குள் ஒரு வசந்தகாலத்தில், 1986 ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு மோட்டோர் ஹோமை வாங்கினார். நான் அப்போது அங்கே தங்கியிருந்தேன். விற்றவர் நல்ல மனிதராகவே தெரிந்தார். வண்டியின் ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கிக் காட்டினார். அடுப்பு எரிந்தது, குளிர்சாதனப் பெட்டி குளிர்ந்தது, விளக்குகள் ஒளிர்ந்தன. சுடுநீர்த்தாங்கியின் சுவிற்சையும் போட்டுக் காட்டினார். அதன் சிவப்பு விளக்கு எரிந்ததைக் கண்டு எல்லோரும் திருப்தியடைந்தோம்.

முதல் பயணத்தில், ஏரிக்கரை முகாமொன்றில், சுடுநீர் வரவில்லை. பெறாமகன் தகரக் கதவைத் திறந்து பொத்தானை அழுத்தினார். 'டிக்' என்ற ஓசையுடன் அது உள்ளே போனது. ஆகவே அதுவரை அது விழுந்திருந்தது என்பது உறுதி. இரண்டு மணி நேரமாகியும் தண்ணீர் சூடாகவில்லை. அன்று மாலை மழை தூறியது. ஈரப் புல்லில் வெறுங்காலுடன் நின்றபடி வண்டியின் கதவுப் பிடியைத் தொட்ட மருமகள், "கையில ஏதோ ஊருற மாதிரிக் கிடக்கு" என்றார். நாலு வயதுப் பேரன் அதே புல்லில் ஓடிக்கொண்டிருந்தான்.

பெறாமகன் மின்னிணைப்பை உடனே கழற்றினார். அவர் செய்தவற்றில் மிகச் சரியான காரியம் அதுதான். மறுநாள் ஒரு பழுதுபார்க்கும் நிலையத்துக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னோம். வண்டியைப் பார்க்காமலேயே தீர்ப்பு வந்தது: பழைய தாங்கி, முழுவதையும் மாற்ற வேண்டும், கூலியுடன் ஆயிரத்து எண்ணூறு டொலர். கைதொலைபேசி தொடக்கம் சலவை இயந்திரம் வரை எதற்கும் இன்று இதுதான் பதில் என்பதால் நான் அதிசயப்படவில்லை. ஆனால் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இலங்கையில் மின்சாரத் துறையில் முப்பது வருடங்கள் வேலை செய்து ஓய்வுபெற்ற நண்பரொருவர் ஸ்காபரோவில் இருக்கிறார். அவரை அழைத்து வந்தோம். அவர் கையில் ஒரு மல்ரிமீற்றரும் ஒரு மெகரும் இருந்தன. நாங்கள் மின்சாரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

"தம்பி, முதல்ல தண்ணியைப் பாப்பம். கறன்ற் எங்கயும் ஓடிப்போகாது."

"தண்ணி குழாயில வருகுது தானே ஐயா?" என்றார் பெறாமகன்.

"குழாயில வருகுது. தாங்கிக்குள்ள இருக்குதோ எண்டு கேட்டனான்."

தாங்கியின் அழுத்த நிவாரண வால்வின் நெம்பை அவர் தூக்கினார். தாங்கி நிறைந்திருந்தால் அவ்வழியே தண்ணீர் பாய வேண்டும். வந்தது காற்று மட்டுமே. குளிர்நாட்டில் வாழாதவர்களுக்கு இதனைச் சற்று விளக்க வேண்டும். மாரியில் நீர் உறைந்தால் குழாய்கள் வெடிக்கும். ஆகவே பனிக்கு முன்னர் தாங்கியை வடித்துவிட்டு, குழாய்களில் நஞ்சற்ற இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஏற்றுவார்கள். ஆறு கலன் திரவம் வீணாகாமல் இருக்க, நீர் தாங்கிக்குள் போகாமல் அதைச் சுற்றிப் போகும்படி செய்ய வால்வுகள் உண்டு. வசந்தத்தில் அவற்றை மீளத் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் சூட்டுக் குழாயிலும் தண்ணீர் வரும். ஆனால் அது தாங்கியைக் காணாத தண்ணீர். கட்டிலுக்கடியில் இருந்த அந்த வால்வுகள் மாரிக்காலத்து நிலையிலேயே இருந்தன.

கதை இப்போது தெளிவாகிவிட்டது. விற்றவர் சுவிற்சைப் போட்டுக் காட்டிய அந்தச் சில நிமிடங்களில், வெறுந்தாங்கிக்குள் எலிமென்ற் தனியே எரிந்திருக்கிறது. நீருக்குள் அமிழ்ந்திருப்பதற்காகவே ஆக்கப்பட்ட பொருள் அது. நீர் வெப்பத்தை எடுத்துச் செல்லாவிட்டால் அதன் உறை செந்தணலாகி வெடிக்கும், உள்ளிருக்கும் கம்பி அறும். தாங்கி அளவுக்கு மீறிச் சூடேறுவதை உணர்ந்த பொத்தான் விழுந்து மின்சாரத்தைத் துண்டித்தது. அன்று அது தன் கடமையைச் செய்தது. சுவிற்சின் சிவப்பு விளக்கோ சுவிற்சுக்கு மின்சாரம் வருவதை மாத்திரம் காட்டுவது. அதற்கப்பால் நடப்பது அதற்குத் தெரியாது.

நண்பர் மின்னிணைப்பு முற்றாகத் துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு எலிமென்றின் இரு கம்பிகளையும் கழற்றினார். இரு முனைகளுக்குமிடையே பத்து ஓம் காட்ட வேண்டிய மீற்றர் முடிவிலியைக் காட்டியது. கம்பி அறுந்துவிட்டது. பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். எலிமென்ற் போய்விட்டது, புதிதைப் போடு என்பார்கள். அவர் நிறுத்தவில்லை. ஒரு முனைக்கும் தாங்கியின் உலோகத்துக்கும் இடையே அளந்தார். அங்கே தொடர்பே இருக்கக்கூடாது. ஆனால் சில ஆயிரம் ஓம் காட்டியது. வெடித்த உறையினூடாக, காப்புத்தூளுக்குள் புகுந்திருந்த ஈரத்தின் வழியே, மின்சாரம் தாங்கிக்கும் தாங்கியிலிருந்து வண்டியின் உடலுக்கும் கசியக்கூடிய பாதை அது. பொத்தான் விழுந்திருந்தவரை அந்தப் பாதைக்கு மின்சாரம் வரவில்லை. பொத்தானை மீள அழுத்திய மாலையிலிருந்துதான் கதவுப் பிடியில் 'ஊரத்' தொடங்கியது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. வண்டியின் உடல் புவித்தொடுப்புடன் இணைந்திருந்தால் கசிந்த மின்சாரம் அக்கம்பி வழியே திரும்பியிருக்கும். கதவைத் தொட்டவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. நண்பர் மின்வடத்தின் செருகியை எடுத்து, புவி முனைக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே அளந்தார். தொடர்பு இல்லை. செருகியைத் திறந்து பார்த்தோம். எப்போதோ எவரோ கடையில் வாங்கிய புதிய செருகியை மாற்றியிருக்கிறார். இரண்டு கம்பிகளை முறையாக இறுக்கிவிட்டு, பச்சைக் கம்பியை வெட்டி மடித்து உள்ளே விட்டிருக்கிறார். வண்டி முழுவதும் நான்கு றப்பர் மூலைகளின் மேல், புவியுடன் எத்தொடர்புமின்றி நின்றது. ஈரப் புல்லில் நின்று அதைத் தொடுபவரே புவித்தொடுப்பு.

இப்போது ஆயிரத்து எண்ணூறு டொலர் தீர்ப்புக்குத் திரும்புகிறேன். தாங்கியை மாற்றியிருந்தால் சுடுநீர் வந்திருக்கும். கதவில் ஊருவதும் நின்றிருக்கும். பழுது தீர்ந்தது என்று பணத்தைக் கொடுத்திருப்போம். வெட்டப்பட்ட பச்சைக் கம்பி அப்படியே இருந்திருக்கும், இன்னொரு சாதனம் கசியும் நாள் வரைக்கும். காரணத்தைத் தேடாமல் பொருளை மாற்றுவதில் எனக்குள்ள ஆட்சேபம் பணத்தைப் பற்றியது மட்டுமன்று.

சுற்றுடைப்பான் ஏன் விழவில்லை என்று பெறாமகன் கேட்டார். அநேகருக்கு இருக்கும் மயக்கம் இது. இருபது அம்பியர் சுற்றுடைப்பான் கம்பிகளைக் காப்பதற்கானது, மனிதரைக் காப்பதற்கானதன்று. ஓர் அம்பியரின் நூறில் சில பங்கே இதயத்தை நிறுத்தப் போதும். மனிதரைக் காப்பது, போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கும் சாதனம். நமது வீடுகளில் 'ட்ரிப் சுவிற்ச்' என்கிறோம். அது 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழும். வட அமெரிக்காவில் குளியலறைச் செருகிகளில் உள்ளது 5 மில்லி அம்பியர் அளவிலேயே விழும். ஆனால் பழைய முகாம்கள் பலவற்றின் 30 அம்பியர் இணைப்புகளில் அத்தகைய பாதுகாப்பு இல்லை. நம்மூரிலும் மாரி மழையில் ட்ரிப் சுவிற்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரே இணைப்புக் கொடுத்தவர்களை நான் அறிவேன். விழுவது சுவிற்சின் குற்றமன்று; சுவரில் ஈரம் ஊறிய கம்பியின் குற்றம்.

பழுதுநீக்கம் ஒரு பிற்பகலில் முடிந்தது. புதிய எலிமென்றின் விலை, நாங்கள் நால்வரும் அன்று உண்ட கொத்துரொட்டியின் விலையிலும் சற்றே அதிகம். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடுகளுக்கான 240 வோல்ற் எலிமென்றுகள் அதே புரியுடன் அதே தோற்றத்தில் கடையில் அருகருகே தொங்கும். அதை 120 வோல்ற்றில் பொருத்தினால் குறித்த வலுவில் நாலில் ஒரு பங்கு வெப்பமே வரும். இதற்கு மறுபுறமானது இன்னும் மோசம். வீட்டு முற்றத்தில் வண்டிக்கென 30 அம்பியர் செருகி போடச் சொன்னால், பழக்கமில்லாத மின்பணியாளர் அதை உலர்த்தி இயந்திரத்துக்கானது என்று எண்ணி 240 வோல்ற் கொடுத்துவிடுவதுண்டு. பத்து ஓம் எலிமென்ற் அப்போது 5,760 வோற் வலுவில் எரியும். வண்டியின் ஏனைய சாதனங்களும் அத்துடன் போகும். செருகியை மீற்றரால் அளக்காமல் வண்டியை இணைக்கவே கூடாது.

தாங்கியை வடித்தபோது அதன் மகனீசிய அனோட்டுக் கோல் வெறும் கம்பியாய் வெளியே வந்தது. உருக்குத் தாங்கிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தாங்கியைக் காக்கும் கோல் அது. நாலில் மூன்று பங்கு கரைந்ததும் மாற்ற வேண்டும். அலுமினியத் தாங்கிகளுக்கு இது இல்லை. அதையும் மாற்றினோம். வால்வுகளைத் திருப்பி, சூட்டுக் குழாயில் காற்று நின்று நீர் சீராக வரும்வரை ஓடவிட்டு, நிவாரண வால்விலும் நீர் பாய்வதைக் கண்ட பின்னரே சுவிற்சைப் போட அனுமதித்தார் நண்பர். பச்சைக் கம்பியை அதற்கு முன்னரே இணைத்து, மெகரால் எல்லாவற்றையும் மறுபடி அளந்திருந்தார்.

இனி என் கருத்து. ஒன்ராறியோவில் பழைய வண்டியொன்றைத் தெருவில் ஓட்டுவதற்குப் பதிவுசெய்யப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். தடுப்பு, சக்கரம், திசைமாற்றி, விளக்கு ஆகியன அதில் பார்க்கப்படும். பெறாமகனின் வண்டிக்கும் அச்சான்றிதழ் இருந்தது. அதில் பொய்யேதும் இல்லை. பிரித்தானியாவின் வருடாந்த எம்.ஓ.டி. பரிசோதனையும் இப்படித்தான், வண்டியின் வாழிடப் பகுதியை அது பார்ப்பதில்லை. அதற்கெனத் தனிப் பரிசோதனை உண்டு, ஆனால் விரும்பியவர்களே செய்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய மின்சார விதிக்கோவையில் 551 ஆம் உறுப்புரை முழுவதும் இவ்வண்டிகளுக்கும் அவை தரிக்கும் இடங்களுக்குமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தொழிற்சாலையில் விதிப்படி பொருத்தப்பட்ட கம்பியை நாற்பது வருடங்களில் ஐந்து சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதை எந்த விதிக்கோவை பார்க்கும்? ஓடும் வண்டியாகப் பார்க்கும்போது அது வண்டி. நிற்கும்போது அது வீடு. இரண்டுக்கும் நடுவே விழுந்த பொறுப்பை எடுப்பார் எவருமில்லை.

எனவே, ஒரு மோட்டோர் ஹோம் கைமாறும்போது புவித்தொடுப்பின் தொடர்ச்சியும் மின்காப்புத் தடையும் அளக்கப்பட்டு எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும் என்பதைச் சட்டமாக்க வேண்டும். பழைய வண்டி ஆர்வலர்கள் இதனை விரும்பமாட்டார்கள். சட்டத்தின் பெயரால் தங்கள் பொழுதுபோக்கை விலையுயர்ந்ததாக்கிக் கொன்றுவிடுவார்கள் என்ற அவர்களின் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. புதிய தராதரங்களைப் பழைய வண்டிகள் மேல் ஏற்றினால் பாதி வண்டிகள் இரும்புக் கடைக்குப் போகும். நான் கேட்பது அதையன்று. 1975 ஆம் ஆண்டு வண்டி 1975 ஆம் ஆண்டு வண்டியாகவே இருக்கட்டும். அதன் பச்சைக் கம்பி இணைந்திருக்கிறதா என்பதை மட்டும் அளக்கட்டும். நண்பருக்கு அந்த இரண்டு அளவீடுகளுக்கும் எடுத்த நேரம் இருபது நிமிடங்கள்.

சட்டம் வரும்வரை வாங்குபவர் தாமே கேட்க வேண்டும். சுவிற்சைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். விற்பவர் சுவிற்சில் கைவைக்கப் போனால் தடுத்து, நிவாரண வால்வை முதலில் தூக்கச் சொல்லுங்கள். நீர் வந்தால் மாத்திரம் சுவிற்ச். பொத்தான் இருக்குமிடத்தில் பொத்தான் இருக்கிறதா, முறுக்கிய கம்பி இருக்கிறதா என்று றப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மின்வடத்தின் செருகி தொழிற்சாலையில் வார்க்கப்பட்டதா, பின்னர் திருகாணியிட்டு மாற்றப்பட்டதா என்று பாருங்கள். மாற்றப்பட்டதென்றால் அதைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். அளக்கத் தெரிந்த ஒருவரை மீற்றருடன் அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் முகஞ்சுளித்தால் வேறு வண்டி பாருங்கள். கோடை முடியும்போது விலையும் சற்று இறங்கும்.